வெள்ளக் காப்பீடு அரசாங்கம் தருகிறதா? வீட்டுக்கும் கடைக்கும் என்ன எடுக்கலாம்? (மூணாறு)

பழைய_மூணாறு_கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய மூணாற்றில் பலசரக்குக் கடை, கூடவே ஏலக்காய், மிளகு, தேயிலை பாக்கெட் வியாபாரம். 2018 ஆகஸ்டில் முதிரப்புழை ஆறு கடைத்தெருவுக்குள் ஏறி வந்ததைப் பார்த்தவர்களுக்கு ஜூன் பிறந்தாலே வயிற்றைக் கலக்கும். மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். அங்கே வீடு வாங்கும்போதே அரசாங்க வெள்ள இன்சூரன்ஸ் எடுத்தார்களாம், "நீங்களும் எடுங்கப்பா" என்று ஒவ்வொரு போனிலும் சொல்கிறாள். பக்கத்துக் கடைக்காரர் அரசாங்கக் கம்பெனி ஒன்றில் பாலிசி வைத்திருக்கிறார். அதனால் தனக்கு அரசாங்கமே பொறுப்பு என்கிறார். அது சரியா? வீடு, கடை இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டுமா? வீட்டுக்குப் பட்டா சிக்கல் வேறு. சரக்கில் ஒரு பகுதி போடியில் குடோனில் கிடக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறையூர்_சர்க்கரை எழுதியது:

அரசாங்கம் பொறுப்புதான் அண்ணாச்சி. வெள்ளம் வடிந்தபிறகு வந்து கணக்கெடுக்கும் பொறுப்பு.

கல்பாத்தி_ரிட்டயர்டு எழுதியது:

மறையூர் தம்பி சிரிக்க வைத்தாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. இங்கே மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நான் பொதுத்துறைக் காப்பீட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பாலக்காட்டுக்காரன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரசாங்கக் கம்பெனி என்பது பங்குகள் அரசாங்கத்திடம் இருக்கும் கம்பெனி. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் எல்லாம் அந்த வகை. அவர்கள் தரும் பாலிசியும் தனியார் தரும் பாலிசியும் சட்டப்படி ஒரே மாதிரி ஒப்பந்தம்தான். பாலிசியில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு ரூபாய்கூட "அரசாங்கம்" என்ற பெயருக்காக வராது. உங்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் பாலிசியை எடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருப்பது வேறு. அங்கே வெள்ளத்துக்கென்றே மத்திய அரசு நடத்தும் திட்டம் இருக்கிறது. நம் நாட்டில் பயிருக்கு அரசு மானியத்தோடு காப்பீடு உண்டு. வீட்டுக்கும் கடைக்கும் அப்படி ஒன்று கிடையாது.

மூன்றாவது நிவாரணம். அது காப்பீடே அல்ல. மாநிலப் பேரிடர் நிதியின் 2022–26 நெறிமுறைப்படி மலைப்பகுதியில் முழுக்க இடிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாய், சமவெளியில் 1,20,000. சுவர் கூரை கொஞ்சம் சேதமான பக்கா வீட்டுக்கு 6,500. துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. மாநில அரசு மேலே போட்டுக் கொடுத்தால் உண்டு. 2018-இல் கேரளம் முழுக்க இடிந்த வீட்டுக்கு 4 லட்சம் வரை கொடுத்தது, அது அந்த அரசின் முடிவு. அடுத்த முறையும் அதே தொகை வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியலில் உங்கள் கடைச் சரக்குக்கு இடம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

சரி, வாங்கக்கூடியது என்ன? 2021 ஏப்ரல் 1 முதல் ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., வீட்டுக்கு ஒரு பொதுப் பாலிசியை வகுத்து ஆயுள் அல்லாத காப்பீடு விற்கும் எல்லாக் கம்பெனியும் அதை விற்க வேண்டும் என்று வைத்தது. பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, இடி, புயல், வெள்ளம், நீர் தேங்குதல், நிலச்சரிவு, பூகம்பம் எல்லாம் உள்ளே வந்துவிடும். வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி தேட வேண்டாம். வாசகம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே. அதனால் விலையையும், கிளைம் வந்தால் எடுத்துச் செய்யும் ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

கடைக்கு வேறு பாலிசி. ஓரிடத்தில் இருக்கும் சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 முதல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. நீங்கள் முதல் வகை. வீட்டுப் பாலிசியில் கடைச் சரக்கு வராது, மாடியில் வீடு கீழே கடை என்றாலும் சரி.

பழைய_மூணாறு_கடை எழுதியது:

சார், ரொம்ப நன்றி. வீட்டை எவ்வளவுக்குப் போடுவது? இங்கே சென்ட் விலை தெரியும்தானே, அதை வைத்துப் போட்டால் ஒரு கோடி தாண்டும்.

கல்பாத்தி_ரிட்டயர்டு எழுதியது:

நிலத்தின் விலையை மறந்துவிடுங்கள். நிலம் இன்சூர் ஆகாது. திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு. 1,000 சதுர அடி, இன்றைக்கு அடிக்கு 2,000 ரூபாய் ஆகிறது என்றால் 20 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், வீட்டுச் சாமானுக்குத் தானாகவே சேர்ந்துவிடும் (உச்சவரம்பு 10 லட்சம்). பிரிட்ஜ், கட்டில், டிவி எல்லாம் அதற்குள். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்து எழுத வேண்டும். மலைநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி, காம்பவுண்டுச் சுவர், தடுப்புச் சுவர், செப்டிக் டேங்க், சோலார் தகடு எல்லாம் "வீடு" என்பதில் அடங்கும். ஆனால் தொகை போடும்போது அவற்றின் செலவையும் சேர்த்துப் போடுங்கள். கருங்கல் தடுப்புச் சுவர் ஒன்று சரிந்தால் கட்ட எவ்வளவு ஆகும் என்று மூணாற்றில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிலச்சரிவு வரும் என்றேன், அதிலும் விலக்கு உண்டு. புதுக் கட்டடம் இயல்பாக இறங்கி விரிசல் விடுவது, மண்கொட்டி மேடாக்கிய இடம் தாழ்வது, ஆறோ கடலோ கரையை அரிப்பது, கட்டுமானக் கோளாறு, பக்கத்தில் மண் தோண்டியதால் வருவது, இவற்றுக்குக் கிடையாது. மலையை வெட்டி முன்பக்கம் மண்போட்டு நிரப்பி வீடு கட்டியவர்கள் இந்த வரியை இரண்டுமுறை படிக்கவும்.

ஹூஸ்டன்_மலர் எழுதியது:

சொந்த ஊர் சித்தூர், இருப்பது ஹூஸ்டன் பக்கம். அண்ணா, உங்கள் மகள் சொன்னது சரிதான், ஆனால் அதை அங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. இங்கே சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் கிடையாது, வாசகத்திலேயே விலக்கு. 1968-இல் சட்டம் போட்டு மத்திய அரசு வெள்ளத் திட்டத்தைத் தொடங்கியது, இப்போது ஃபெமா என்ற மத்தியப் பேரிடர் நிர்வாக அமைப்பு நடத்துகிறது. வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமானுக்கு 1,00,000. கடை, கம்பெனி என்றால் கட்டடத்துக்கு 5,00,000, உள்ளே இருப்பதற்கு 5,00,000. இங்கே வீட்டு விலைக்கு அது பல பேருக்குப் போதாது, மேலே தனியாரிடம் வாங்குகிறார்கள். விற்பது பெரும்பாலும் தனியார் கம்பெனிதான், பாலிசியில் அவர்கள் பெயர் இருக்கும், நஷ்டத்தை ஏற்பது அரசு.

வருடத்துக்கு ஒரு சதவீதமோ அதற்கு மேலோ வெள்ள வாய்ப்புள்ள பகுதி என்று வரைபடத்தில் குறித்திருந்தால், பேங்கில் கடன் வாங்கியவர் எடுத்தே ஆக வேண்டும். மற்றவர்கள் விருப்பம். "நம்ம வீடு மேப்பில் இல்லை" என்று எடுக்காமல் இருந்தவர்கள்தான் 2017 ஹார்வி புயலில் அதிகம் அடிபட்டார்கள். புயல் வருகிறது என்று செய்தி பார்த்துவிட்டு ஓடவும் முடியாது, பாலிசி எடுத்து 30 நாள் கழித்துத்தான் உயிர் வரும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுப்பது போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு வேடிக்கை. உங்கள் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் வந்தால் அது திட்டத்தின் கணக்கில் வெள்ளம் ஆகாது. சாதாரணமாகக் காய்ந்திருக்கும் நிலத்தில் குறைந்தது 2 ஏக்கராவது மூழ்க வேண்டும், இல்லை உங்களுடையது சேர்த்து இரண்டு சொத்தாவது மூழ்க வேண்டும். சேறு ஆறாக ஓடி வந்தால் பணம் உண்டு, மலை சரிந்தால் கிடையாது. உங்கள் ஊருக்கு எது பொருந்தும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மறையூர்_சர்க்கரை எழுதியது:

//நஷ்டத்தை ஏற்பது அரசு//

இதைத்தான் கேட்கிறேன் அக்கா. அங்கே செய்வதை இங்கே ஏன் செய்யக்கூடாது? வரி மட்டும் இங்கேயும் வாங்குகிறார்களே.

ஹூஸ்டன்_மலர் எழுதியது:

செய்யலாம் தம்பி, ஆனால் அந்தத் திட்டத்தின் கணக்குப் புத்தகத்தையும் பாருங்கள். கஜானாவுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் கடன் நிற்கிறது. அதுவும் 2017-இல் நாடாளுமன்றம் 1,600 கோடி டாலரைத் தள்ளுபடி செய்த பிறகு. ஆற்றங்கரை, கடற்கரை வீடுகளுக்குப் பல வருடம் உண்மையான ஆபத்தைவிடக் குறைந்த பிரீமியம் வாங்கினார்கள். எடுப்பவர்களில் பெரும்பகுதி ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் என்றால் பானை எப்படி நிறையும்? 2021 அக்டோபர் முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஆபத்தைக் கணக்கிட்டு பிரீமியம் போடும் முறைக்கு மாறினார்கள். ஒரே இரவில் பலருக்கு எகிறவில்லை, சட்டப்படி வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும். ஆனாலும் புலம்பல் கேட்கிறது. நாடாளுமன்றம் திட்டத்தை அவ்வப்போது நீட்டிக்காவிட்டால் புதுப் பாலிசி விற்பனையே நின்றுவிடும்.

எனக்கு நம் ஊர் முறை மேல் என்றே தோன்றுகிறது. தீயும் வெள்ளமும் ஒரே பாலிசியில் இருப்பதால் மேட்டில் இருப்பவனும் பள்ளத்தில் இருப்பவனும் சேர்ந்து கட்டுகிறார்கள். எடுப்பவர்கள்தான் இல்லை.

நகரி_தறி எழுதியது:

நான் நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் குசஸ்தலை நதி. கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் எங்களைக் கடந்துதான் பூண்டிக்குத் தண்ணீர் போகும். பிச்சாட்டூரில் திறந்தால் ஊத்துக்கோட்டைப் பக்கம் வெள்ளம். எங்கே மழை பெய்தது என்பதல்ல, எங்கே மதகு திறந்தார்கள் என்பதுதான் எங்களுக்குக் கேள்வி. அணை திறந்து வந்த தண்ணீருக்கும் பாலிசி பணம் கொடுக்குமா?

அப்புறம் நிவாரணம் பற்றி. 2024 செப்டம்பரில் புடமேரு ஓடை கரை உடைத்து விஜயவாடா மூழ்கியபோது ஆந்திர அரசு தரைத்தள வீட்டுக்கு 25,000 ரூபாய் கொடுத்தது. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தறியில் மோட்டாரும் பாவும் நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சித்தூர்_சர்வேயர் எழுதியது:

நகரி தம்பி, பாலிசியில் வெள்ளம், நீர் தேங்குதல் என்றுதான் இருக்கிறது. மழையால் வந்ததா மதகால் வந்ததா என்று நாங்கள் பிரிப்பதில்லை.

நான் பல வருடம் லாஸ் சர்வே, அதாவது கிளைமுக்கு நஷ்டத்தை மதிப்பிடும் வேலை, செய்தவன். வீட்டுக் கிளைமில் பெரும்பாலும் பிரச்சினை வராது. கடை, பட்டறை, தறிக்கூடம் இவற்றில்தான் சண்டை வரும். காரணம் சரக்கு மதிப்பு. ஒரு கணக்கு சொல்கிறேன். வெள்ளம் வந்த அன்று கடையில் 10 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது. பாலிசி 6 லட்சத்துக்குத்தான் போட்டிருக்கிறீர்கள். நனைந்து வீணானது 4 லட்சம். 6 லட்சத்துக்கு பாலிசி இருக்கிறதே, 4 லட்சம் முழுதாக வரும் என்று நினைப்பீர்கள். வராது. பத்தில் ஆறு பங்குக்குத்தான் பிரீமியம் கட்டினீர்கள், அதனால் நஷ்டத்திலும் பத்தில் ஆறு பங்கு, 2,40,000. சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் விட்டுவிடுவார்கள். அதாவது 10 லட்சம் சரக்குக்கு எட்டரை லட்சமாவது போட்டிருந்தால் வெட்டு இல்லை. வீட்டுப் பாலிசியில் இந்த வெட்டே கிடையாது, அதனால்தான் அங்கே சண்டை குறைவு.

மூணாறு அண்ணாச்சி, சீசனில் உங்கள் சரக்கு எவ்வளவு ஏறும்? ஏலக்காய் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துப் போடுங்கள். வருடம் முழுவதும் ஒரே அளவு என்று ஏஜெண்ட் எழுதிவிட்டுப் போவார். மதிப்பு வாங்கிய விலைக்குத்தான், விற்கும் விலைக்கு அல்ல, லாபம் அதில் சேராது.

நகரி_தறி எழுதியது:

சார் சொன்ன சண்டையை எங்கள் தெருவில் பார்த்தேன். பக்கத்துத் தறிக்காரர் பேங்கில் சரக்கை ஈடாகக் காட்டி சி.சி. கடன் வைத்திருந்தார். மாதாமாதம் பேங்குக்குக் கொடுக்கும் சரக்குக் கணக்கில் பழைய தாளையே தேதி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் புகுந்தபோது உண்மையில் நூல் அதிகம் இருந்தது. சர்வேயர் முதலில் கேட்டதே பேங்க் ஸ்டேட்மெண்டும் ஜி.எஸ்.டி. கணக்கும்தான். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் வந்த பணமும் நேராகக் கடன் கணக்கில் ஏறியது, கைக்கு ஒன்றும் வரவில்லை.

சித்தூர்_சர்வேயர் எழுதியது:

நடப்பதுதான். கடன் கொடுத்த பேங்க் பெயர் பாலிசியில் இருந்தால் பணம் முதலில் அவர்களுக்குத்தான். பேங்கே எடுத்த பாலிசி என்றால் ஒரு நகல் வாங்கிப் படியுங்கள். தங்கள் கடன் அளவுக்கு மட்டும் போட்டிருப்பார்கள், உங்கள் சரக்கு அதைவிட இரண்டு மடங்கு இருக்கும். மேலே சொன்ன வெட்டு அங்கேதான் விழும். தறிக்காரர்களுக்கு இன்னொன்று, கூலிக்கு நெய்கிறீர்கள் என்றால் நூல் உங்களுடையது அல்ல. முதலாளியின் நூல் உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் வடிந்ததும் கடையைக் கழுவிவிட்டு, நனைந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு உட்காராதீர்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டோடு போட்டோ எடுங்கள். கம்பெனிக்கு அன்றே சொல்லுங்கள். நாற்றமெடுக்கும் சரக்கை அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எடை போட்டு, படமெடுத்து, மெயில் அனுப்பிவிட்டு அகற்றுங்கள். நனையாததைப் பிரித்து மேலே ஏற்றி வைப்பது உங்கள் கடமை, "எல்லாம் இன்சூரன்ஸ்காரன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டால் அதையும் கழிப்பார்கள். பில் எல்லாம் ஆற்றோடு போய்விட்டது என்பார்கள் பலர். மொத்த வியாபாரியிடம் நகல் இருக்கும், ஜி.எஸ்.டி. தளத்தில் கொள்முதல் இருக்கும். எடுக்க வழி உண்டு.

தேவிகுளம்_டீச்சர் எழுதியது:

சொந்தவீடு, கடை வைத்திருப்பவர்கள் பேசுகிறீர்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு என்ன வழி? வீடு எஸ்டேட்டுடையது. பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை இறங்கியபோது 70 உயிர் போனது. எல்லாம் நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் உறவுக்காரர்களும் அதில் உண்டு. அவர்களிடம் போய் சதுர அடிக் கணக்கு பேச முடியுமா?

கல்பாத்தி_ரிட்டயர்டு எழுதியது:

டீச்சர், நியாயமான கேள்வி. வாடகை வீட்டிலோ லயத்திலோ இருப்பவர் கிருஹ ரக்ஷாவில் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம், கட்டடம் தேவையில்லை. கட்டடத்தை இன்சூர் செய்வது எஸ்டேட்டின் வேலை. எடுத்திருக்கிறார்களா என்று யூனியன் கேட்கலாம்.

உயிருக்கு என்றால் அரசாங்கத் திட்டம் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. பிரதமர் சுரக்ஷா பீமா, வருடம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். வெள்ளம், நிலச்சரிவு போன்ற இயற்கைச் சீற்றத்தில் போனாலும் விபத்துக் கணக்கில் வரும். 18 முதல் 70 வயது வரை, பேங்க் கணக்கு இருந்தால் போதும். காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் பாலிசி புதுப்பிக்காமல் போய்விடும், மழைக்காலமோ அன்றுதான் தொடங்கும். பிள்ளைகளிடம் சொல்லி வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். நாமினி பெயர் போட்டிருக்கிறதா என்பதையும்.

தேவிகுளம்_டீச்சர் எழுதியது:

சார், இது செய்யக்கூடியது. மே மாதம் பள்ளி விடுமுறை, அதனால் மார்ச்சிலேயே பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறேன். லயத்து வாசலில் ஒட்ட ஒரு தாளும் தமிழிலேயே எழுதுகிறேன்.

பழைய_மூணாறு_கடை எழுதியது:

பட்டா விஷயம் யாரும் சொல்லவில்லையே?

கல்பாத்தி_ரிட்டயர்டு எழுதியது:

மறக்கவில்லை அண்ணாச்சி. பாலிசி நிலத்துக்கு அல்ல, கட்டடத்துக்கு. அந்தக் கட்டடம் போனால் பணநஷ்டம் உங்களுக்குத்தான் என்பதைக் காட்ட முடிய வேண்டும். பஞ்சாயத்துக் கட்டட எண், வரி ரசீது, கரண்ட் பில், கட்டிய செலவுக்கான பில் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முக்கியமானது, விண்ணப்பத்தில் நிலத்தின் நிலையை உள்ளபடி எழுதுவது. "சொந்தம்" என்று ஏஜெண்ட் டிக் அடித்துவிட்டால், கிளைம் நேரத்தில் அதையே பிடித்துக்கொண்டு மறுக்க வழி கிடைக்கும். எழுதிக் கொடுத்து அவர்கள் ஏற்றுக்கொண்டு பாலிசி கொடுத்தால் பிறகு பேச உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது. கடை வாடகை இடம் என்றால் சரக்கு, அலமாரி, பிரிட்ஜ் மட்டும் போடுங்கள்.

பழைய_மூணாறு_கடை எழுதியது:

ஏஜெண்ட் வந்துவிட்டுப் போனார். கடையும் குடோனும் சேர்த்து சரக்கு 14 லட்சம், அதில் போடியில் 6. அவர் மூணாறு விலாசத்தில் 14 லட்சம் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார். "சரக்கு உங்களுடையதுதானே, எங்கிருந்தாலும் வரும்" என்கிறார்.

சித்தூர்_சர்வேயர் எழுதியது:

வராது. பாலிசியில் எழுதிய விலாசத்தில் இருக்கும் சரக்குக்குத்தான் பாலிசி. போடியில் குடோன் மூழ்கினால், அந்தக் கதவு எண் பாலிசியில் இல்லை என்று என்னைப் போன்ற ஒருவன்தான் முதல் பக்கத்தில் எழுதுவான். இரண்டு விலாசத்தையும் தனித்தனித் தொகையோடு எழுதச் சொல்லுங்கள். சரக்கு அங்கும் இங்கும் மாறிக்கொண்டே இருக்கும் என்றால் ஃப்ளோட்டர் சேர்க்கச் சொல்லுங்கள், மொத்தத் தொகை இரண்டு இடத்துக்கும் பொதுவாக நிற்கும். மாநிலம் வேறு என்பது தடையில்லை. போடிமெட்டு ஏறி கேப் ரோடு வழியாக வரும்போது லாரியோடு போனால் இந்தப் பாலிசி எதுவும் உதவாது, அதற்கு டிரான்சிட் பாலிசி வேறு.

ஏதாவது தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதம் பாருங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். தனி ஆள் நடத்தும் கடையும் குறு தொழிலும் போகலாம், 50 லட்சம் வரை, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. உங்களுக்குக் கொச்சி, நகரி தம்பிக்கு ஹைதராபாத்.

பழைய_மூணாறு_கடை எழுதியது:

மாற்றி எழுதச் சொல்லிவிட்டேன் சார். இரண்டு விலாசம், ஃப்ளோட்டர், சரக்கு 16 லட்சம் (ஓணம், கிறிஸ்துமஸ் சீசனுக்கு ஏறும்). வீட்டுக்குத் தடுப்புச் சுவரோடு சேர்த்து 24 லட்சம். மகளிடமும் சொல்லிவிட்டேன், போனில் இனி வேறு விஷயம் பேசலாம்.

மறையூர்_சர்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் சொன்னீர்கள், எனக்கும் சொல்லுங்கள். பாம்பாற்றுக்குப் பக்கத்தில் கரும்பு ஆலை, சர்க்கரை உருண்டை பிடித்து அங்கேயேதான் அடுக்கி வைப்போம். அதுவும் சூக்ஷ்மத்தில் வருமா?

சித்தூர்_சர்வேயர் எழுதியது:

வரும். கொட்டகை ஓலையா, தகரமா? அடுப்பு எங்கே இருக்கிறது?

மறையூர்_சர்க்கரை எழுதியது:

மேலே ஓலை. அடுப்பு உள்ளேயேதான், கரும்புச் சக்கையைப் போட்டு எரிக்கிறோம். சக்கையும் பக்கத்திலேயே காயும்.

சித்தூர்_சர்வேயர் எழுதியது:

அப்படியென்றால் வெள்ளத்தைப் பற்றி உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை தம்பி. இங்கே தனியாக ஒரு திரி தொடங்குங்கள், தீயைப் பற்றிப் பேசலாம்.